தானாக நிறைந்த தாங்கி

இதை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பட்டறையில், வாகனங்களின் எரிபொருள் தாங்கிகளைச் செய்தும் திருத்தியும் என் தொழிற்காலம் முழுவதையும் கழித்தவன். இப்போது ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் மகளின் வீட்டில் வசிக்கிறேன். அண்மைக் காலமாகப் பழைய பிக்கப் வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டும் விருப்பம் பலரிடையே பரவியிருக்கிறது. அவர்களுள் தூரப் பயணம் போகிறவர்கள் இரண்டாவது தாங்கி ஒன்றையும் பொருத்தித் தரும்படி கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் அடைத்து வரும் ஆயத்தத் தாங்கியை வண்டியின் அடியில் தொங்கவிட்டு ஒரு குழாயை இணைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பட்டறையில் இப்போது வேலை செய்பவர்கள் தொலைபேசியில் என்னை அழைத்து, "பாஸ், அந்த லைட்கார அக்காட பிக்கப்புக்கு எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒருமுறை ஒழுங்காக எழுதி வைப்பது நன்று எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் எனக்கு அதிக காலம் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஜலீல் நானாவின் பட்டறையில் சேர்ந்தேன். முதற் சில ஆண்டுகள் தாங்கிகளைக் கழற்றுவதிலும் துருவைச் சுரண்டுவதிலும் கழிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. சொல்ல வேண்டியது ஜலீல் நானாவைப் பற்றியே.

நானா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருபோதும் சத்தமிடமாட்டார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "மகன்" என்று அழைத்தால் எல்லாம் நலம். "தம்பி" என்று அழைத்தால் எங்கோ ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. "ஐயா, கொஞ்சம் இங்க வாரீங்களா?" என்று அழைத்தாரானால் பட்டறை முழுவதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். இப்பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அப்பிடியா ஈந்தேன்? நான் எப்பவும் அன்பாத்தானே கதைச்ச" என்றார்; அவர் பேச்சில் "இருந்தேன்" என்பது "ஈந்தேன்" ஆகும். அவர் சொன்னதையும் நேர்மைக்காக இங்கே பதிந்துவிடுகிறேன்.

அவருடைய பட்டறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு தாங்கியைக் கழுவியவனே அதற்கு நெருப்பு வைக்க வேண்டும். எரிபொருள் இருந்த தாங்கியில் ஒட்டுப் போடுவது எத்தகைய வேலை என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். உள்ளே ஒரு துளி எரிபொருளின் ஆவி தங்கியிருந்தாலும் தாங்கி வெடிகுண்டாகிவிடும். மற்றப் பட்டறைகளில் உதவியாளன் கழுவுவான். பாஸ், அதாவது தலைமைத் தொழிலாளி, வந்து நெருப்பு வைப்பார். உதவியாளன் அலட்சியமாகக் கழுவினால் பாஸின் முகம் போகும். நானா அதை மாற்றி வைத்திருந்தார். கழுவுகிறவன் தன் முகத்தை நினைத்துக்கொண்டு கழுவுவான்.

கழுவும் முறை இது. முதலில் எரிபொருளை முழுவதும் வடித்துவிட வேண்டும். கொதிநீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, ஒரு துண்டுச் சங்கிலியையும் உள்ளே போட்டு, இருவர் பிடித்து ஆட்ட வேண்டும். சங்கிலி எல்லா மூலைகளையும் உரசி அழுக்கைக் கிளப்பும். நீரை ஊற்றிவிட்டு மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். வெளியே வரும் நீரில் எண்ணெயின் வானவில் தெரியாமற் போகும்வரை இதை விடக் கூடாது. பின்னர் ஒட்டுப் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தாங்கியை நீரால் நிரப்பி, எல்லா வாய்களையும் திறந்து வைத்து, எந்த வாய்க்கும் நேரே நில்லாமல் நெருப்பு வைக்க வேண்டும். ஒட்டியபின் எல்லா வாய்களையும் அடைத்துக் காற்றடித்துச் சீமெந்துத் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு பாடத்தையும் நான் அங்கேதான் கண்டேன். பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு காரின் தாங்கி, யாரோ இரு கைகளாலும் பிடித்து நசுக்கியதுபோல உட்குழிந்திருந்தது. கார் எதிலும் மோதவில்லை. உரிமையாளர், பெற்றோல் மணம் வருகிறது என்பதற்காக மூடியிலிருந்த சிறு துளையை மெழுகால் அடைத்திருந்தார். எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவில்லை. தகடே உள்ளே போய்விட்டது. நானா அந்தத் தாங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், மூச்செடுக்க ஏலாமப் போயிட்டுது" என்றார். அன்றிலிருந்து நான் செய்த தாங்கி எதுவும் மூச்சுக்குழாய் இல்லாமல் பட்டறையை விட்டு வெளியேறியதில்லை.

இனி, கேட்கப்பட்ட அந்த வண்டியின் கதைக்கு வருகிறேன்.

பிலோமினா அக்கா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கத்தோலிக்கக் கோவில்களின் திருநாள்களுக்கு மின்விளக்கு அலங்காரமும் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கொடுப்பது அவருடைய தொழில். அவரிடம் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய பிக்கப் ஒன்று உண்டு. அதை அவரே ஓட்டுவார். அதன் பின்தட்டில் ஜெனரேட்டர் ஒன்று திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். அந்த வண்டியில் முன்பிருந்த பெற்றோல் என்ஜினை எடுத்துவிட்டு, எரிபொருள் செலவைக் குறைப்பதற்காக யப்பானிய டீசல் என்ஜின் ஒன்றைப் போட்டிருந்தார்கள். நம் நாட்டில் அது வழக்கமான காரியம். இவ்விடயத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாட்டில் எரிபொருள் கிடைக்காமற் போன காலத்தில், ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு ஒரு பங்கு என்று அளந்து கொடுத்தார்கள். கலன்களில் ஊற்ற மாட்டார்கள்; வாகனத்தின் தாங்கிக்குள் மட்டுமே ஊற்றுவார்கள். புத்தளத்துக்கு அப்பால் காட்டுக்குள் உள்ள ஒரு கோவிலுக்கு ஆண்டுதோறும் விளக்குப் போடுபவர் பிலோமினா அக்காதான். அந்தத் தட்டுப்பாடு தொடங்கிய ஆண்டில், மாதாவின் திருச்சிலையான சுரூபம், சுற்றுப்பிரகாரம் என்னும் ஊர்வலத்துக்காகக் கோவில் வாசலைத் தாண்டிய கணத்தில் ஜெனரேட்டர் டீசலின்றி நின்றுவிட்டது. சனம் இருட்டில் நின்றது. கோவில் நிருவாகத்தின் தலைவரான மூப்பர், அடுத்த முறையும் விளக்கு அணைந்தால் நீர்கொழும்பில் லொறியில் விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துச் சிறு கோவில்கள் அனைத்தும் அந்தக் கோவில் யாரை அழைக்கிறதோ அவரையே அழைப்பது வழக்கம். எனவே ஒரு மாலைப்பொழுதில் அணையும் விளக்கோடு அக்காவின் தொழிலே அணைந்துவிடக்கூடிய நிலை.

வாரப் பங்குகளைச் சேர்த்து வைப்பதற்கு வண்டியில் இடம் வேண்டும். ஆகவே அடுத்த திருநாள் நெருங்கும்போது, உரிய பரிசோதகரின் அனுமதியையும் பெற்று, வேறொரு பட்டறையில் இரண்டாவது தாங்கி ஒன்றைப் பொருத்துவித்தார். பொருத்திச் சில நாட்களில் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"பாஸ்! புது டாங்க் ஓட்டை. ரோடெல்லாம் டீசல். பின்னால வந்த மோட்டர்சைக்கிள்காரன் சறுக்கி விழப் பாத்து, ஏசாத ஏச்செல்லாம் ஏசிட்டுப் போறான்."

புதுத் தாங்கியைக் கழற்றி, அதிலிருந்த டீசலைப் பத்திரமாக மூடியுள்ள பீப்பாயில் வடித்து, தாங்கியைத் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தோம். ஒரு குமிழியும் இல்லை. செய்தவர் நன்றாகவே செய்திருந்தார். உள்ளே டீசல் அலையாமலிருக்கத் தடுப்புத் தகடுகள்கூட வைத்திருந்தார்.

"அக்கா, இது ஒழுகேல்லை," என்றேன். "வண்டியில எந்த இடம் நனைஞ்சிருந்தது?"

"இங்க. பழைய டாங்கட மூடிக்கிட்ட."

"பழைய டாங்கை நிரப்பி எவ்வளவு நாள்?"

"போன கிழமை நிரப்பினது. அதில நான் கையே வைக்கல்ல பாஸ். முழுக்க ஓடினது புது டாங்கிலதான். அது கோவிலுக்குப் போறதுக்குன்னு வச்சிருக்கேன்."

பட்டறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பாவிக்காத தாங்கி, ஊற்றாத டீசலால் நிரம்பி வழிந்திருக்கிறது. அதுவும் நாடு முழுவதும் டீசலுக்கு வரிசையில் நிற்கும் காலத்தில். வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்த ஒருவர் கையைக் கூப்பினார்.

"அக்கா, மாதா புதுமை செஞ்சிருக்காங்க! எங்களுக்கும் ஒரு போத்தல் தாங்க!"

"ஒன் ஆட்டோ பெற்றோல்டா! மாதா டீசல்தான் தாறாங்க. போ, போய் வரிசையில நில்லு!"

சிரிப்பு அடங்கியபின் நான் வண்டியின் அடியில் படுத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். கத்தோலிக்கர் புதுமை என்று சொல்லும் அற்புதத்துக்கு விடை அங்கே இருந்தது. பெற்றோல் என்ஜினுக்குத் தாங்கியிலிருந்து போகும் குழாய் ஒன்று போதும். டீசல் என்ஜின் அப்படியன்று. அதன் பம்பு தேவைக்கு மேலாகவே டீசலை உறிஞ்சும். மிஞ்சியதை இன்னொரு குழாய் வழியாகத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது தாங்கியை வைத்தவர், போகும் குழாயில் மட்டும் ஒரு வால்வைப் போட்டு, எந்தத் தாங்கியிலிருந்து எடுப்பது என்று மாற்றும்படி செய்திருந்தார். வண்டியின் உருவம் பழைய பெற்றோல் வண்டியின் உருவம். அவர் கையும் பெற்றோல் வண்டியின் வழக்கப்படியே வேலை செய்துவிட்டது. திரும்பி வரும் குழாய் எப்போதும்போலப் பழைய தாங்கிக்கே போய்க்கொண்டிருந்தது. ஆகவே புதுத் தாங்கியிலிருந்து எடுத்து ஓடிய நேரமெல்லாம், மிஞ்சிய டீசல் ஏற்கெனவே நிரம்பியிருந்த பழைய தாங்கிக்குள் விழுந்து வழிந்திருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப புதுமை இல்லையா?"

"இல்லை அக்கா. ரிட்டர்ன் பைப்."

"ச்சே. நாளைக்கு மறுநாள் காலையில நான் வெளிக்கிடணும் பாஸ். விளக்கெல்லாம் கட்டி வச்சாச்சு. ஏலுமா?"

போகும் குழாயும் வரும் குழாயும் ஒன்றாக மாற வேண்டும். இரண்டையும் ஒரே திருப்பில் மாற்றும் வால்வு உண்டு. அந்நாட்களில் இறக்குமதி நின்றிருந்தமையால் கொழும்பில் எங்கும் கிடைக்கவில்லை. பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கைத்தொழில் செய்பவரைச் சிங்களவர் மரியாதையாக அழைக்கும் முறையில் "பாஸ் உன்னெஹே" என்று என்னை அழைத்து, அங்கிருந்த கடைக்காரர் மீன்பிடிப் படகுகளிலிருந்து கழற்றிய பித்தளை வால்வுகள் இரண்டைத் தேடி எடுத்துத் தந்தார். தனித்தனி வால்வுகளாக இருந்தால் ஓட்டுபவர் ஒன்றைத் திருப்பி மற்றதை மறந்துவிடுவார். மீண்டும் புதுமை நிகழும். எனவே இரண்டின் கைப்பிடிகளையும் ஓர் இரும்புக் கம்பியால் பிணைத்து, ஆசனத்துக்கு அடியில் ஒரே பிடியாகக் கொண்டுவந்தேன். பிடியை ஒருமுறை தள்ளினால் இரண்டு குழாய்களும் சேர்ந்தே மாறும்.

நானாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒன்னாக் கட்டீட்டாய். நல்லா ஈக்கிது. நாளைக்கு ஒன்னு இறுகிட்டா மத்ததையும் திருப்ப ஏலாமப் போகுமே மகன். கழட்டவும் ஒரு வழி வை."

அவர் சொன்னபடி, கம்பியை இழுத்துக் கழற்றக்கூடிய ஓர் ஊசியாணியால் பூட்டினேன்.

இனி நெருப்பு வேலை. புதுத் தாங்கியில் திரும்பி வரும் குழாய்க்கு ஒரு வாயும், ஜெனரேட்டருக்குப் போகவும் வரவும் வாய்களும் வைக்க வேண்டும். அக்காவுக்குப் பொறுமை இல்லை.

"டீசல்தானே பாஸ், பெற்றோலா வெடிக்க? சும்மா ஒருக்கா சூடு காட்டினாச் சரிதானே?"

"அக்கா, டீசல் சூடேறினால் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கட விளக்கைவிட வெளிச்சமாய் இருக்கும்."

நானே கழுவினேன். சங்கிலியைப் போட்டு ஆட்டி, நீரில் வானவில் மறையும்வரை மீண்டும் மீண்டும் கழுவினேன். நானா வந்து தாங்கியின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"கழுவினது யாரு?"

"நான்தான் நானா."

"அப்ப நீயே வை," என்றார். வழக்கமாக அச்சொல்லைச் சொல்லியதும் அப்பால் போய்விடுவார். அன்று என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் தொழிற்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.

வேலை முடிந்து, ஒத்திகையும் பார்த்து, வண்டியை ஒப்படைத்தபோது அக்கா சாவியை வாங்கவில்லை.

"நீங்களும் ஏறுங்க பாஸ். அணைஞ்சா மூப்பருக்கு நீங்களே பதில் சொல்லுங்க. நான் சாமியப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

நான் சைவன். ஆயினும் என் கைவேலை போகும் இடத்துக்கு நான் போகத் தயங்குவது முறையன்று என எண்ணி ஏறிவிட்டேன். பழைய தாங்கியில் ஓடினோம். புத்தளத்தில் புதிய வாரத்தின் பங்கைப் பெற்று அதை மீண்டும் நிரப்பிக்கொண்டோம். பீப்பாயில் வடித்திருந்த டீசல் முழுவதையும் புதுத் தாங்கிக்குள் திரும்ப ஊற்றியிருந்தோம். காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தேன்; எங்கும் ஈரமில்லை.

மூப்பர் எங்களை வரவேற்ற விதம் பின்வருமாறு.

"வாங்கோ அக்கா. இந்தமுறை மெழுகுதிரியும் பெட்டி பெட்டியாய் வாங்கி வச்சிருக்கிறம்."

"நல்லது மூப்பர். பொறந்தநாள் வந்தாக் கேக்கில குத்துங்க."

கோவிலுக்கு மின்சாரக் கம்பி இழுக்கப்பட்டிருந்தது. பூசைக்கும் ஒலிபெருக்கிக்கும் அதைப் பாவித்து, சுற்றுப்பிரகாரத்துக்கு மட்டும் ஜெனரேட்டர் என்பதே ஏற்பாடு. திருநாளன்று காலையிலேயே மின்சாரம் வெட்டப்பட்டது, மாலைவரை வரவில்லை. முழுச் சுமையும் ஜெனரேட்டரின் மேல் விழுந்தது. பொழுது சாய்ந்து சுற்றுப்பிரகாரம் புறப்பட்டபோது பிக்கப் முன்னே ஊர்ந்தது. அதன் இருமருங்கும் விளக்குத் தண்டுகளைத் தாங்கியவர்கள் நடந்தார்கள். பின்னே மாதாவின் சுரூபம். அதன் பின்னே கண்ணுக்கெட்டிய தூரம் சனம். திரும்பிப் போகும் பயணத்துக்கென்று பழைய தாங்கியை விட்டுவைத்ததால், வண்டியின் என்ஜினும் ஜெனரேட்டரும் புதுத் தாங்கியிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தன.

நான் வண்டியோடு நடந்தபடியே அளவுக் கம்பியைப் புதுத் தாங்கிக்குள் விட்டு எடுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி மட்டுமே நனைந்திருந்தது. பழைய தாங்கியில் டீசல் இருந்தது. ஆனால் ஜெனரேட்டரின் குழாய் புதுத் தாங்கியோடு மட்டுமே இணைந்திருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தி மாற்றி ஊற்றலாம், நிறுத்தினால் இருட்டு. அந்த இருட்டுக்குத்தான் மூப்பர் மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறார்.

கதவைத் திறந்து அக்காவின் பக்கத்தில் ஏறினேன்.

"என்ன பாஸ், மொகம் இப்பிடி இருக்கு? முடிஞ்சுதா?"

"முடியப்போகுது. அக்கா, அந்தப் புதுமையை இன்னொருக்காச் செய்வம்."

ஆசனத்தின் கீழே கையை விட்டு ஊசியாணியை இழுத்தேன். கம்பி கழன்றது, வால்வுகள் இரண்டும் தனித்தனியாகின. போகும் குழாயின் வால்வை மட்டும் பழைய தாங்கிக்குத் திருப்பினேன். வரும் குழாயைப் புதுத் தாங்கியிலேயே விட்டேன். இனி என்ஜின் பழைய தாங்கியிலிருந்து உறிஞ்சும். மிஞ்சுவதெல்லாம் புதுத் தாங்கிக்குள் விழும். ஜெனரேட்டர் அதைக் குடிக்கும். கொழும்பு வீதியில் டீசலைச் சிந்த வைத்த அதே பிழையை, திசை மாற்றி வேலைக்கு வைத்தேன்.

"முதல் கியரிலேயே போங்கோ. அக்சிலேட்டரை மிதியுங்கோ. எவ்வளவு சத்தம் போடுதோ அவ்வளவு டீசல் திரும்பி வரும்."

"சத்தமா போனா ஃபாதர் ஏசுவாரே!"

"இருட்டிலே நின்றால் எல்லாரும் ஏசுவினம்!"

அக்கா மிதித்தார். வண்டி ஊர்ந்தது; என்ஜின் முழங்கியது. செபமாலை சொல்லிக்கொண்டு வந்த சனம் அந்த முழக்கத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தியது. முழுக்காடும் அதிர்வதுபோல இருந்தது. நான் மீண்டும் இறங்கிக் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஈரம் ஏறியிருந்தது. சற்றுத் தூரம் போய் இன்னொருமுறை பார்த்தேன். இன்னும் ஏறியிருந்தது. அக்கா யன்னலால் தலையை நீட்டிக் கண்ணாலேயே கேட்டார். நான் கம்பியைத் தூக்கி, நனைந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். அவர் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

சுற்றுப்பிரகாரம் காட்டுப் பாதையைச் சுற்றிக் கோவில் வாசலுக்குத் திரும்பும்வரை ஒரு மின்குமிழ்கூட மங்கவில்லை. சுரூபம் பீடத்தில் ஏறி, ஆசீர்வாதமும் முடிந்தபின், மூப்பர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நன்றியுரை சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாற வருசமும் பிலோமினா அக்காடை லைட்தான்" என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. சுற்று வட்டாரத்துக் கோவில்களின் ஆட்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா அவர்களை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கிட்டப் போனார்.

"மூப்பர், இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல. கரன்ட் தாராளமா இருக்கு."

மூப்பர் சிரித்துவிட்டு இன்னொரு முறையும் சொன்னார்.

அந்த வண்டி இன்றும் பிலோமினா அக்காவின் கையில் ஓடுகிறது. என்றாவது ஒருநாள் வேறொரு பாஸ் அதன் அடியில் படுப்பார். ஊசியாணியால் பூட்டிய கம்பியைக் கண்டு இது எதற்கு என்று திகைப்பார். இரண்டாவது தாங்கி வைக்கும் எவரும், போகும் குழாயோடு வரும் குழாயையும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஆகையால் ஐயா, அம்மா, இந்தக் குறிப்பை எறிந்துவிடாமல் பட்டறையில் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.